காட்டு மூலிகை வியாபாரத்தில் ஊருக்கு உள்ள பங்கு: யார் கட்ட வேண்டும், எவ்வளவு, யார் கைக்குப் போகும்

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் உப்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், எங்கே தயாரித்தது எல்லாம் இருக்கும். கிழங்கு எந்த மலையிலிருந்து வந்தது என்பது இருக்காது. பாட்டிலில் இல்லாவிட்டால் பரவாயில்லை. கம்பெனியின் கொள்முதல் பில்லிலும் இல்லாமல் போவதுதான் சிக்கல். காட்டுப் பொருளை வைத்து வியாபாரம் செய்கிறவர் அந்தக் காட்டையும் அதைக் காத்தவர்களையும் கவனிக்க வேண்டும், விற்பனையில் ஒரு பங்கை அதற்காகக் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. பில்லில் எழுதாமல் விடுகிற அந்த ஒரு வரியில்தான் அந்தச் சட்டம் நிற்கிறது அல்லது விழுகிறது.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 என்பது அதன் பெயர். 1992இல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக வந்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்தியா எதிர்த்ததால் 1997இல் அதை ரத்து செய்த கதை பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்துக் கோபமும் இந்தச் சட்டத்தில் கலந்திருக்கிறது. 2023இல் பெரிய திருத்தம் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. யார் எவ்வளவு பங்கு கட்ட வேண்டும் என்ற கணக்குக்கான புதிய ஒழுங்குமுறை 2025 ஏப்ரலில் வெளியானது. பழைய 2014 விகிதங்களை வைத்து எழுதிய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

மூன்று அடுக்கு அமைப்பு. மேலே தேசிய பல்லுயிர் ஆணையம். டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில் இருக்கிறது. அடுத்து மாநிலப் பல்லுயிர் வாரியம். அடியில் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. பணம் மேலிருந்து கீழே வர வேண்டும், தகவல் கீழிருந்து மேலே போக வேண்டும். நடைமுறையில் இரண்டும் நடுவழியில் நின்றுவிடுவது உண்டு.

யார் அனுமதி வாங்க வேண்டும்

வெளிநாட்டவர், வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர், வெளிநாட்டில் பதிவான நிறுவனம், இந்தியாவில் பதிவாகியும் வெளிநாட்டார் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் ஆகியோர் பிரிவு 3இல் வருகிறார்கள். இவர்கள் ஆராய்ச்சிக்கானாலும் வியாபாரத்துக்கானாலும் பொருளைத் தொடுமுன் தேசிய ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். திருத்தத்துக்கு முன் நிறுவனத்தின் மூலதனத்தில் கொஞ்சம் வெளிநாட்டுப் பங்கு இருந்தாலே இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. இப்போது பார்ப்பது பங்கின் அளவை அல்ல, கட்டுப்பாடு யார் கையில் என்பதை. முதலீட்டாளர் மாறும்போது நிறுவனம் எந்தப் பிரிவில் நிற்கிறது என்பதும் மாறலாம். இதைக் கணக்குப் பிள்ளையிடம் விட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

மற்ற இந்திய நிறுவனங்களும் ஆட்களும் பிரிவு 7. இவர்களுக்கு அனுமதி தேவையில்லை. வணிக நோக்கில் எடுக்குமுன் மாநில வாரியத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 'அறிவிப்பு கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது' என்று நினைப்பது இங்கே நடக்கும் முதல் தவறு. பங்கு கட்டுவது தனிக் கடமை. இந்திய நிறுவனம் பங்கு தர வேண்டியதில்லை என்று ஆயுர்வேத மருந்து நிறுவனமான திவ்யா பார்மசி வாதாடியது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. இந்தியர், வெளிநாட்டவர் என்ற வேற்றுமை பங்கு கொடுப்பதில் கிடையாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

பிரிவு 7இலிருந்து விலக்குப் பெற்றவர்கள்: அந்தந்தப் பகுதி மக்கள், விவசாயிகள், வளர்ப்பவர்கள், பிழைப்புக்காக வைத்தியம் பார்க்கும் நாட்டு வைத்தியர்கள், ஹகீம்கள், பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்கள், பயிரிட்ட மூலிகையும் அதிலிருந்து செய்த பொருளும், மருந்துகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட மரபறிவு. கடைசி விலக்குதான் திருத்தத்தின்போது அதிகம் சர்ச்சையானது. நூலில் இருப்பது அறிவு. காட்டில் இருப்பது செடி. அறிவுக்குக் கொடுத்த விலக்கைச் செடிக்கும் நீட்டிப் படிக்கிற பழக்கம் தொழிலில் இருக்கிறது. அது ஆபத்தான படிப்பு என்பது எங்கள் கருத்து.

இவை தவிர, பிரிவு 40இன் கீழ் வழக்கமான சந்தைச் சரக்குகள் என்று அரசு அறிவித்த பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருக்கும் பொருளைச் சரக்காக வாங்கி விற்றால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. அதே பொருளிலிருந்து சத்துப் பிரித்தெடுத்து மருந்து செய்யப் போனால் விலக்கு கூடவே வரும் என்று எண்ணக் கூடாது. பட்டியலை அறிவியல் பெயரை வைத்துத் தேட வேண்டும். ஊர்ப் பெயரை நம்பினால் ஒரே பெயரில் மூன்று செடி இருக்கும்.

பயிரிட்டது என்று காட்டுவது எப்படி

கண்வலிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். நம் மாநில மலரான செங்காந்தள்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். விலை விதைக்கு. கால்சிசின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. இது பயிர் என்பதில் விவசாயிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூட்டை வியாபாரியின் கிடங்குக்கு வந்த பிறகு, பந்தலில் காய்த்த விதை எது, வேலியோரத்தில் பொறுக்கியது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் பிறப்பிடச் சான்று. தருகிறவர் அந்த ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழு. எந்தப் பயிர், எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, எவ்வளவு விளைச்சல் என்ற விவரம் குழுவின் ஏட்டிலும் ஏற வேண்டும். சான்றை அறுவடைக்குப் பிறகு கேட்டுப் போவதைவிட, பயிர் நிற்கும்போதே குழுவைக் கூட்டி வந்து காட்டிவிடுவது நல்லது. ஒரு ஏக்கர் நிலத்துக்கு மூன்று ஏக்கர் விளைச்சலைச் சான்றில் எழுதிக் கொடுத்தால், மிச்சம் இரண்டு ஏக்கர் சரக்கு காட்டிலிருந்து வந்து அந்தச் சான்றில் குளித்துவிட்டுப் போகும். பயிர்க்கான விலக்கு காட்டுக்கே எதிராகத் திரும்பும் இடம் இதுதான். குழுவில் இருப்பவர்கள் அந்தப் பயிரின் சராசரி விளைச்சலைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி மோசடி அங்கேயே நிற்கும்.

எவ்வளவு கட்ட வேண்டும்

2025 ஒழுங்குமுறைப்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பங்கு இல்லை. 5 முதல் 50 கோடி வரை 0.2 சதவீதம். 50 முதல் 250 கோடி வரை 0.4 சதவீதம். அதற்கு மேல் 0.6 சதவீதம். எதன் மேல் சதவீதம்? பொருளின் ஆலைவாசல் விலையில் (ஆலையை விட்டு வெளியேறும்போது உள்ள விலை) ஓராண்டு மொத்தம், அதில் அரசு வரி நீக்கியது. விற்றுமுதல் உங்களை எந்தப் படியில் வைக்கிறது என்று தீர்மானிக்கிறது. சதவீதம் அந்தப் பொருளின் விற்பனை மேல் விழுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் மொத்த விற்றுமுதல் 30 கோடி, அதில் காட்டு மூலிகை சேர்ந்த தைலத்தின் விற்பனை 12 கோடி என்றால், 12 கோடியில் 0.2 சதவீதம்: 2 லட்சத்து 40 ஆயிரம்.

பங்கு கட்ட வேண்டாம் என்பதால் தாளும் எழுத வேண்டாம் என்று பொருளில்லை. விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால், என்ன பொருளை எவ்வளவு எங்கிருந்து எடுத்தோம் என்ற ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். சந்தனம், செம்மரம் போன்ற உயர் மதிப்புப் பொருளுக்கு இந்தப் படிக்கட்டு இல்லை. ஏலத் தொகை அல்லது விற்பனைத் தொகையில் குறைந்தது 5 சதவீதம்.

காப்புரிமைக்கு வேறு வழி. பிரிவு 3இல் வருகிறவர் காப்புரிமை கிடைக்குமுன் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். பிரிவு 7இல் வருகிறவர் கிடைக்குமுன் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை வணிகமாக்கும்போது அனுமதி பெற வேண்டும். இந்தப் பதிவை மறந்துவிட்டு, காப்புரிமை அலுவலகம் கேட்கும்போது அவசரமாக ஓடும் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் நிறைய. விண்ணப்பம் தயாராகும் மாதத்திலேயே இதையும் இணையத்தில் போட்டுவிடலாம்.

மீறினால் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிட்டு 1 லட்சம் முதல் 50 லட்சம் வரை தண்டத்தொகை வைத்தது. தொடர்ந்து மீறினால் 1 கோடி வரை கூடுதலாக விதிக்கலாம்.

பணம் வந்து சேர்ந்த இடங்களும் சேராத இடங்களும்

சட்டம் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகள், உடன் வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறுவதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியின் இலையை வைத்து 'ஜீவனி' என்ற மருந்து திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுக்கப்பட்டது: 10 லட்சம் ரூபாயும், விற்பனையில் 2 சதவீதமும். அதில் பாதி காணி மக்களுக்கு என்பது முடிவு. பாதியைக் கொடுக்க மனம் இருந்தது. வாங்கிக்கொள்ள அமைப்பு இல்லை. 1997இல் காணி மக்களின் அறக்கட்டளை பதிவான பிறகுதான் பணம் போக வழி பிறந்தது. அதற்குள் இன்னொரு முடிச்சு. இலை பறிக்க வனத்துறை இசையவில்லை. செடி அழிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. மருந்துக்கு உரிமம் இருந்தது, இலைக்கு அனுமதி இல்லை. பங்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் அதே மேசையில் எவ்வளவு பறிக்கலாம், யார் பறிப்பது என்பதையும் எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அடுத்தது மன்னார் வளைகுடா. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை ராமநாதபுரம் முதலான கடலோர மாவட்டங்களில் வளர்க்கவைத்து ஏற்றுமதி செய்ததற்காக பெப்சிகோவின் இந்திய நிறுவனம் தேசிய ஆணையத்துக்கு 35 லட்சத்துக்கு மேல் கட்டியது. ஆணையத்தின் தொடக்க கால வெற்றியாக இது அடிக்கடி காட்டப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அந்தப் பாசி நம் கடலுக்கு அந்நியம். மிதவையிலிருந்து தப்பி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. பணம் வந்ததாலேயே பல்லுயிர் பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது.

2025இல் திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 பேருக்கு 55 லட்சம் ரூபாய் மாநில வாரியத்தின் வழியாக வந்தது. பணம் இவ்வளவு நேராக ஆள் கையில் போனதற்குக் காரணம் எளிது. மரம் யார் பட்டாவில் நின்றது என்பதற்குத் தாள் இருந்தது. மருதம்பட்டைக்கோ நன்னாரி வேருக்கோ அப்படித் தாள் கிடையாது.

உரியவர் இன்னார் என்று தெரிந்தால் பணம் அவருக்கு. இல்லையென்றால் பொருள் வந்த பகுதியின் மேலாண்மைக் குழுவுக்கு. அதுவும் தெரியாவிட்டால் பொதுவாகப் பாதுகாப்புக்கும் அந்தப் பகுதி மக்கள் பிழைப்புக்கும். மூன்றாவது வழியில் போகும் பணம் எந்த ஊரும் கணக்குக் கேட்க முடியாத பணம். வியாபாரிகள் சேலத்திலும் விருதுநகரிலும் ஐந்து மலைச் சரக்கை ஒரே குவியலாகக் கொட்டும்போது நடப்பது அதுதான்.

ஊர்க் குழு செய்ய வேண்டியது

குழுவில் 7 பேருக்குக் குறையாமல் 11 பேருக்கு மிகாமல் இருக்கலாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக வைத்து மாநிலங்களை நெருக்கியதால் நாடு முழுக்கக் குழுக்களும் ஊரின் உயிர் வளத்தையும் அதைப் பற்றிய அறிவையும் எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளும் அவசரமாக முளைத்தன. உங்கள் ஊரிலும் ஒரு குழு காகிதத்தில் இருக்கும். உறுப்பினர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் தீர்மான நகலைக் கேளுங்கள். பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் நகல் போலவே இருந்தால் வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஊராட்சியின் பொதுக் கணக்கு போதாது. உள்ளூர்ப் பல்லுயிர் நிதி தனியாக இருக்க வேண்டும். பிறகு பதிவேட்டில் வியாபாரம் ஆகும் செடிகளுக்கு மட்டுமாவது உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், எடுக்கும் பகுதி வேரா பட்டையா இலையா, எந்த மாதம், ஒரு பருவத்தில் தோராயமாக எத்தனை கிலோ, யார் வாங்குகிறார் என்று எழுதுங்கள். எடுக்கும் பகுதி முக்கியம். இலை பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். மாகாளியில் கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடும். எனவே இரண்டுக்கும் ஒரே நிபந்தனை சரிப்படாது. மக்களின் ரகசிய வைத்திய முறைகளைத் திறந்த பதிவேட்டில் விலாவாரியாக எழுத வேண்டாம். யாரிடம் அந்த அறிவு இருக்கிறது என்பதை அவர் சம்மதத்தோடு குறித்தால் போதும்.

நிறுவனங்கள் கவனிக்க ஒன்று. 0.2 சதவீதம் என்பது மிக மெல்லிய துண்டு. வேர் தோண்டுகிறவருக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் கூலியை அது மாற்றாது. கூலி குறைவாக இருக்கும்வரை அவர் இளங்கொடியையும் சேர்த்துத்தான் தோண்டுவார். சரக்கு தொடர்ந்து வர வேண்டும் என்று நினைக்கிற நிறுவனம் பங்கைக் கட்டிவிட்டு, முதிர்ந்த வேருக்குத் தனி விலையும் வைக்க வேண்டியிருக்கும். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

கொள்முதல் பில்லில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்: செடியின் பெயர், எடுத்த பகுதி, எடை, காட்டு விளைச்சலா பயிரா, எந்த ஊராட்சி எல்லை, பறித்தவர் அல்லது சங்கத்தின் பெயர், மாதம். பயிர் என்றால் பிறப்பிடச் சான்றின் எண். முதல் வியாபாரி இதை எழுதாமல் விட்டால் அடுத்த கையில் யாராலும் எழுத முடியாது. அதனால் வாங்குகிற நிறுவனம் முதல் மூட்டைக்கே இந்தப் பில்லைக் கேட்க வேண்டும்.