டயருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு மூக்கு

ஆலங்குளத்திலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பிக் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, பிக்கப்புக்குப் பெரிய டயர் போட்டேன். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா பின்னால ஒரு இரும்புல உரசுது. கேஸ் கட்டிங் வச்சு அதை எடுத்துட்டா சரியாப் போகும்னு பட்டறையில சொல்லுதாவ. வெட்டலாமா?"

படத்தில் சரியாகத் தெரியவில்லை. நேரில் போய்க் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால், சேஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், வெளிப்புறத்தில் பற்றவைத்த ஒரு சாண் நீளத் தடித்த தகடு. முகம் சாய்வாக இருக்கிறது. டயர் பட்ட இடத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ட் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு பளபளத்தது. தொட்டால் விரலில் ரப்பர் தூள்.

உரசுவது ஏன் என்பது சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ.; 285/70 ஆர்17 என்றால் 831. ஆரத்தில் 14 மி.மீ., அகலத்தில் 20 மி.மீ. கூடிவிடுகிறது. அது கிடக்கட்டும். மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகடு ஏன் அங்கே இருக்கிறது, ஏன் சாய்ந்திருக்கிறது? எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இரண்டு டன் வண்டி 64 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 316 கிலோஜூல். அதே வண்டியை 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். வண்டியின் முழு முகத்தோடு மோதினால் சேஸின் இரண்டு நீளச் சட்டங்களும் ஆர்மோனியத் துருத்திபோல மடிந்து இந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும்.

தென்காசி ரோட்டில் இருட்டில் நிற்கும் லாரியின் மூலையிலோ, ஓரத்துப் புளியமரத்திலோ இடிக்கிறோம் என்று வையுங்கள். முகத்தின் கால் பங்குதான் மாட்டுகிறது. மரம் சட்டத்துக்கு வெளியே புகுந்துவிடும்; மடிய வேண்டிய இரும்பு மடியாமலே நிற்கும். நேரே சக்கரத்தில் அடி. சக்கரமோ மடியாது, அப்படியே பின்னால் வரும். அதற்குப் பின்னால் இருப்பது மனிதக் கால்கள்.

இங்கேதான் அந்த மூக்கின் வேலை. பின்னால் தள்ளப்படும் சக்கரத்தின் உள்விளிம்பு அந்தச் சாய்வில் ஏறுகிறது. சாய்தளம் விசையைப் பிரிக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். பின்னோக்கிய தள்ளலில் ஒரு பங்கு பக்கவாட்டுத் தள்ளலாக மாறுகிறது. சக்கரம் கேபினுக்குள் புகாமல் வெளியே ஒதுங்குகிறது. எதிர்விசையும் சும்மா இருப்பதில்லை. அது சேஸை மறுபக்கம் தள்ளுவதால் வண்டியே மரத்தைவிட்டு விலகப் பார்க்கிறது. ஆற்றுப் பாலத்துத் தூணின் கூர்முனை வெள்ளத்தைப் பிரித்துவிடுவது போல. எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள். பேட்டரி இல்லை, சென்சார் இல்லை, வெறும் கோணம்!

இதற்கு நல்ல சாட்சி உண்டு. வாகனக் காப்பீட்டாளர்கள் நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம், முகத்தின் 25 சதவீதத்தை மட்டும் அசையாத தடுப்பில் 64 கி.மீ. வேகத்தில் மோதவிடும் சோதனையை 2012-இல் தொடங்கியது. 2015-இல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் இரண்டு கேபின் வகைகளை அப்படி மோதினார்கள். இதே போன்ற சக்கரத் தடுப்பு இரும்பு வைத்திருந்த நான்கு கதவு வண்டி உயர்ந்த மதிப்பீடு பெற்றது. அது இல்லாத சிறிய கேபின் வண்டியில் பிரேக் பெடலும் கால்வைக்கும் தளமும் 25 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வந்து, பொம்மை ஓட்டுநரின் கால்களில் டாஷ்போர்டு இறுகியது. அடுத்த ஆண்டு அந்த வகைக்கும் அந்த இரும்பை வைத்தார்கள்.

நம் நாட்டில் 2023-இல் தொடங்கிய, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பு மதிப்பீடு தரும் பாரத் என்கேப் திட்டத்தில் முன்மோதல் சோதனை 40 சதவீத முகத்தோடுதான். அதுவும் பயணிகள் கார்களுக்கு மட்டும். பாவூர்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி ஏற்றிப்போகும் பிக்கப்புகள் அதில் வரவே இல்லை. முதலில் சோதிக்க வேண்டியது அவற்றைத்தான், அரசு அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. புது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை வைத்தே தீருவேன் என்பவர்கள், டயருக்குப் பின்னால் இருக்கும் இரும்பையாவது விட்டுவையுங்கள்.

ஆகவே தம்பி, வெட்டாதீர்கள். உரசுவது பிளாஸ்டிக் லைனிங்காக இருந்திருந்தால் சீவிவிடச் சொல்லியிருப்பேன். இது அப்படியல்ல. கம்பெனி கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. வண்டிக்கு அனுமதித்த அளவு டயருக்கே திரும்பிவிடுங்கள்.

"வெட்டிட்டு, தேவைப்பட்டா திரும்ப வெல்டு வச்சுக்கலாமே?" என்று பட்டறைக்காரர் கேட்டார். வைக்கலாம், பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் உயர்வலிமை எஃகு போடுகிறார்கள். அதன் வலிமை, அதைச் சூடாக்கிக் குளிரவைத்த விதத்தில் இருக்கிறது. கேஸ் தீ பட்ட இடத்தைச் சுற்றி அந்த உள்ளமைப்பு கலைந்துவிடும். பிறகு மோதும்போது, அந்த இடத்தில்தான் முதலில் வளையும்.