செல்ஃப் எடுக்காத காருக்கு முதலில் காதைக் கொடுங்கள்

பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெரும்பாலானவர்கள் வாயில் முதலில் வரும் சொல் பேட்டரி. அப்படித்தான் ஒரு பெரியவர் காரைக் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். வேறோர் இடத்தில் பேட்டரியை மாற்றியிருந்தார்கள். சரியாகவில்லை என்றதும், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடியது. பிறகு மறுபடியும் அதே 'டக்'. கடைசியில் பழுது இருந்தது, எஞ்சினையும் பாடியையும் இணைத்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டையில். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பழுதில்லாத இரண்டு பாகங்களுக்கு அவர் செலவழித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்தத் துருவைக் கண்டுபிடிக்க, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றே போதுமாக இருந்தது. ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. அந்தக் காரில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

பேட்டரியையும் இப்படிச் சாவியைத் திருப்பும்போதுதான் சோதிக்க வேண்டும். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மீதி. ஆனால் ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் சுற்றும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே சரியும் பேட்டரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுமை ஏறும்போது காட்டும் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஹெட்லைட் உதவும். அதை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கி 'டக் டக் டக்' என்று வேகமாகக் கேட்டால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் (கம்பி மாட்டும் முனையில்) பூத்திருக்கும் வெள்ளைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிய ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையா? ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியரை நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகுதான் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), சாவி ஸ்விட்ச் எல்லாம்.

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால், ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலே தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது வேறு கதை. இங்கே பேட்டரியை மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள பல கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் எரிபொருள் பம்ப் இரண்டு வினாடி ரீங்கரிக்கும். அது கேட்கவில்லை என்றால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள். கார்புரேட்டர் கார்களில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் மிதிக்காமல் சிறிது நேரம் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் சூடானதும் நின்றுபோய், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் கார்கள் உண்டு. இந்த வகைதான் மெக்கானிக்கையே ஏமாற்றும், ஏனென்றால் பட்டறைக்கு வருவதற்குள் கார் ஆறிவிடுகிறது. பலமுறை, எஞ்சின் சுழல்வதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் காரணமாக இருந்திருக்கிறது. எனவே எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா, எவ்வளவு நேரம் கழித்துப் பிடித்தது என்று குறித்துவைத்து எங்களிடம் சொல்லுங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் அது.

ஒருமுறைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃபை ஓட்ட வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது மோட்டார் ஆறட்டும். சுற்றும் ஓசை வழக்கத்தைவிட லேசாக, தங்குதடையின்றி வேகமாகக் கேட்டால் மட்டும் அடுத்த முயற்சியே வேண்டாம். வால்வுகளைப் பிஸ்டனோடு இசைந்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல எஞ்சின்களில் அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, காரை இழுத்துச் செல்ல ஆள் அழையுங்கள்.