பீரோவைக் காலி செய்யும் முன் பழைய சாமான் வியாபாரியைக் கூப்பிடாதீர்கள்

வீட்டுப் பெரியவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பழைய சாமான் வாங்குபவருக்குப் போன் போய்விடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு லீவு முடியப் போகிறது, வீட்டை வாடகைக்கு விட வேண்டும். வந்தவர் அறைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மொத்தமா ஒரு ரேட் பேசிக்கலாம், இன்னைக்கே வண்டி கொண்டாந்துர்றேன்" என்பார். நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் எது விலைபோகும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் தெரியாது. அவர் கடைசியில் வர வேண்டிய ஆள்.

முதல் வேலை இரும்பு பீரோ. தட்டில் விரித்திருக்கும் பழைய நாளிதழைத் தூக்கிப் பாருங்கள். ரசீதும் பாஸ்புக்கும் அதற்கடியில்தான் இருக்கும். உள் லாக்கரின் இழுப்பறையை முழுதாக வெளியே உருவுங்கள். சில பீரோக்களில் அதன் பின்னால் சிறு ரகசிய அறை உண்டு. இல்லாவிட்டாலும், நிரம்பி வழிந்த காகிதங்கள் இழுப்பறைக்கும் பின் தகட்டுக்கும் நடுவே விழுந்து சிக்கி நிற்கும். புடவை மடிப்பு, தலையணை உறை, சாமி படங்களின் பின் அட்டை ஆகியவற்றையும் விடாதீர்கள். சாவி காணவில்லை என்றால் கடப்பாரை வேண்டாம், பூட்டு திறப்பவரைக் கூப்பிடுங்கள். கதவு நெளிந்த பீரோ கிலோ கணக்கில் இரும்பாகத்தான் போகும். எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எண் மட்டும் பொறித்த கனமான சாவி வங்கி லாக்கருடையதாக இருக்கலாம்.

கிடைக்கும் காகிதத்தில் பங்குப் பத்திரம் இருந்தால் குப்பையில் சேர்க்காதீர்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். பத்து ஆண்டுகள் தொடப்படாத வங்கி வைப்புத்தொகையைத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் 2023 முதல் இருக்கிறது. பழைய 500, 1000 ரூபாய்க் கட்டு கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள்: 2017 சட்டப்படி அந்த நோட்டுகளில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம், அபராதம் குறைந்தது 10,000 ரூபாய்.

அடுத்தது வாரிசுகள். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய கட்டிலிலும் நாற்காலியிலும்கூட மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு உண்டு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. உள்ளூரில் இருக்கும் அண்ணன் தன்னிஷ்டத்துக்கு விற்பதும், வெளியூரில் இருக்கும் தங்கை பிறகு கேட்பதும் பத்து வருடப் பகையாகிவிடும். ஒவ்வொரு சாமானுக்கும் எண் ஒட்டிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யாருக்கு எது வேண்டும் என்று எழுத்தில் வந்த பிறகு மிச்சத்தை மட்டும் விற்கலாம்.

விற்கவே கூடாத சாமானும் உண்டு. யானைத் தந்தம், புலித்தோல், வெளிமான் கொம்பு போன்றவை வீட்டில் இருந்தால் வியாபாரியிடம் பேச்சே எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்றிதழோடு வாரிசாக வந்தவற்றை 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழே இல்லை என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டு வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. நூறாண்டு கடந்த சிலை, ஓவியம் தொல்பொருள் கணக்கில் வரும், நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. ஓலைச்சுவடி இருந்தால் தஞ்சை சரஸ்வதி மகாலையோ சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ கேளுங்கள். தாத்தாவின் ஈட்டி மர மேசையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்பட்டால் ஒரு தடை: அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டஸ்' ஒப்பந்தப் பட்டியலில் அந்த மரம் இருக்கிறது. 10 கிலோவைத் தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். மேசை நிச்சயம் தாண்டும்.

இனி மரம். பாலிஷ் அடித்த முகப்பை நம்பாதீர்கள், இழுப்பறையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேக்கு என்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடரும். ஒட்டுப் பலகையில் விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரியும். கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் தேக்கின் எண்ணெய் வாசம் வரும். தேக்கை கரையான் தொடாது என்பது வைரத்துக்கு, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதிக்கு, மட்டும் பொருந்தும். மரத்தின் வெளிறிய வெளிப்பகுதி சேர்ந்திருந்தால் அதில் வண்டு துளைத்து, கோதுமை மாவு போல் தூள் கொட்டும். தூளைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புத் துணி விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானை மருந்து அடிக்காமல் உங்கள் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கட்டிலைக் கழற்றும்போதுதான் அதிகம் உடைகிறது. முதலில் நான்கு மூலைகளிலும் காலுக்கும் சட்டத்துக்கும் சாக்பீஸில் ஒரே எண் எழுதுங்கள். கையால் செய்த கட்டிலில் ஒரு மூலையின் சட்டம் இன்னொரு மூலையில் சரியாக உட்காராது. போல்ட் துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். அவசரத்தில் முறுக்கினால் போல்ட்டின் தலை வழுக்கி, கடைசியில் மரத்தை அறுக்க வேண்டிவரும். தட்டிக் கழற்றும்போது நடுவில் ஒரு மரத்துண்டு கொடுங்கள், சுத்தியல் நேராகப் படக் கூடாது. கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு, அதே கட்டிலின் சட்டத்தில் கட்டிவிடுங்கள். பீரோவைத் தூக்குவதற்கு முன் தட்டுகளை வெளியே எடுத்து, கதவைப் பூட்டிச் சாவியை உருவுங்கள். சாவி நுழைத்தபடியே சாய்த்தால் படிக்கட்டுச் சுவரில் இடித்துத் துவாரத்துக்குள்ளேயே முறியும்.

நோயாளி படுத்திருந்த மெத்தையை யாருக்கும் தராதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே எடுத்துச் செல்ல வேண்டும், அமிலத்தைக் கொட்டக் கூடாது. புது பேட்டரி வாங்குமிடத்தில் பழையதற்கு விலை கழித்துத் தருவார்கள். கேஸ் சிலிண்டர் ஏஜென்சிக்குத்தான் போக வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு வியாபாரி வரட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள், குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். பழைய வீடு என்றால் அவர் கண் முதலில் ஊஞ்சலுக்குப் போகும். பலகையைப் பற்றிப் பேசிக்கொண்டே சங்கிலியைச் சேர்த்து வாங்கிவிடுவார். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளையாகத்தான் இருக்கும். அதைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள். கூரையில் இருக்கும் கொக்கியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். இழுத்தால் உத்திரத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.