ஆன்டிஜென்: அதுல இருக்கற ‘ஜென்’ ஜீன் இல்லைங்க

எங்க ஊர் வேலந்தாவளம் பக்கம், வீட்டுல பேசறது தமிழ், ஆஸ்பத்திரி போர்டு மலையாளம், ரேஷன் பாலக்காடு ஜில்லா, கல்யாணம் காட்சி எல்லாம் கோயமுத்தூர் பொள்ளாச்சி. கொரோனா சமயத்துல, 2021 ஆகஸ்டுல, கேரளாவுல இருந்து வர்றவங்க ஆர்டி-பிசிஆர் (வைரஸோட மரபுப்பொருளத் தேடற டெஸ்ட்) நெகட்டிவ் ரிப்போர்ட் இல்லன்னா ரெண்டு டோஸ் தடுப்பூசி போட்ட சர்டிபிகேட் காட்டணும்னு தமிழ்நாட்டுல சொல்லிட்டாங்க. எங்க பெரியப்பா ஆன்டிஜென் நெகட்டிவ்னு ஒரு பேப்பர வச்சுகிட்டு செக்போஸ்ட்ல நின்னார், திருப்பி அனுப்பிட்டாங்க. "பேர்லயே ஜீன்னு இருக்குதே, நானும் ஜீன் டெஸ்ட்தானே எடுத்தேன்"னு அவருக்கு அவ்வளவு வருத்தம். லேசா காய்ச்சலும் இருந்துச்சு. மறுநாள் பிசிஆர் எடுத்தா பாசிட்டிவ்.

அவர் மட்டும் இல்லைங்க, நிறைய பேர் ஆன்டிஜென்ன ‘ஆன்டி ஜீன்’னுதான் நினைச்சுகிட்டிருக்காங்க. அந்த வார்த்தைய 1899-ல கொண்டு வந்தவர் லாஸ்லோ டெட்ரேன்னு ஒரு ஹங்கேரி டாக்டர். அப்புறம் 1903-ல அவரே அது ‘ஆன்டிசொமாட்டோஜென்’ங்கறதோட சுருக்கம்னு விளக்கம் குடுத்தார், அதாவது நம்ம உடம்புல எதிர்ப்புப் பொருள உண்டாக்க வைக்கற சரக்கு. ‘ஜென்’னா கிரேக்கத்துல பிறப்பிக்கறது, உண்டாக்கறது, அவ்வளவுதான். மரபணுவுக்கு ஜீன்னு பேர் வந்ததே அதுக்குப் பிறகு 1909-லதான்.

தமிழ்ல ஆன்டிபாடிக்கு ‘பிறபொருளெதிரி’ன்னு ஒரு சொல் இருக்கு, வெளியில இருந்து வந்த பொருளுக்கு எதிரி. அத உண்டாக்க வைக்கறதால ஆன்டிஜெனுக்கு ‘பிறபொருளெதிரியாக்கி’. வாய்ல நுழைய கஷ்டம்தான், ஆனா பிரிச்சுப் பாருங்க, கடைசில நிக்கற ‘ஆக்கி’ நாம சோறாக்கறதுன்னு சொல்றோமே அதே ஆக்கறதுதான். டெட்ரே சொன்ன அர்த்தம் அப்படியே இருக்கு, ஜீன்ங்கற குழப்பத்துக்கே இடமில்ல. ‘எதிர்ப்பொருள் தூண்டி’ன்னும் சொல்றாங்க, பேச்சுக்கு எனக்கு இதுதான் பிடிக்குது.

சரி, கார்டு டெஸ்ட்னு சொல்ற இந்த ஆன்டிஜென் டெஸ்ட் எதத் தேடுது? வைரஸ் மேலயும் உள்ளயும் இருக்கற புரதத்த. கொரோனா கார்டுல பெரும்பாலும் ‘என்’ புரதம்னு சொல்ற, வைரஸோட மரபுப்பொருளான ஆர்என்ஏ-வப் பொத்தி வச்சிருக்கற புரதம். ஸ்ட்ரிப்ல ஒட்டி வச்ச பிறபொருளெதிரி அதப் பிடிச்சா ‘டி’ங்கற இடத்துல கோடு விழும், கர்ப்பம் பாக்கற அட்டை மாதிரியே, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது, மெஷினும் வேண்டாம். ஆனா சளில எவ்வளவு புரதம் இருக்கோ அவ்வளவுதான் அதுக்குத் தெரியும், கொறஞ்சா கோடு விழாது.

பிசிஆர் அப்படி இல்ல, அது பெருக்கிப் பாக்குது. ஆர்என்ஏ-வ முதல்ல டிஎன்ஏ-வா மாத்தி எழுதி (அதுதான் முன்னாடி இருக்கற ஆர்டி), ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு மடங்கா ஆக்கிகிட்டே போகும், 30 சுத்துல ஒண்ணு நூறு கோடிக்கு மேல ஆயிடும். கேரி முல்லிஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானி 1983-ல கண்டுபிடிச்சு 1993-ல நோபல் வாங்கின வேலை இது. தமிழ்ல ‘பாலிமரேஸ் சங்கிலி வினை’ன்னு எழுதறாங்க, சரியான பேர்தான், ஆனா ‘பெருக்கறது’ங்கற முக்கியமான விஷயம் அதுல காணோம், ‘மரபுப்பொருள் பெருக்கச் சோதனை’ன்னா கேக்கறவங்களுக்கு உடனே புரியும்னு தோணுது. லேப், மெஷின், ஆள் எல்லாம் வேணும்ங்கறதால செலவு ஜாஸ்தி, 2020 மார்ச்சுல தனியார் லேப்ல அதிகபட்சம் 4500 ரூபான்னு வச்சிருந்தாங்க.

2020 ஜூன்ல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆன்டிஜென் கிட்டுக்கு ஓகே சொன்னப்பவே, பிசிஆரோட ஒப்பிட்டுப் பாத்த கணக்கையும் சேர்த்து வெளியிட்டாங்க. நோய் இருக்கறவங்கள அது பிடிச்சது 50.6-ல இருந்து 84 சதவீதம், நோய் இல்லாதவங்கள இல்லன்னு சரியா சொன்னது 99.3-ல இருந்து 100. அதனால பாசிட்டிவ்னா அப்படியே எடுத்துக்கலாம், அறிகுறியோட நெகட்டிவ் வந்தா பிசிஆர் எடுத்தே ஆகணும்னு அப்பவே எழுதியிருந்தாங்க. சீப்பான டெஸ்ட்னு அத ஒதுக்கக் கூடாதுங்க, ஆரம்ப நாள்ல வைரஸ் நிறைய இருக்கறப்ப கார்டு நல்லாவே பிடிக்கும். பிசிஆர்ல ஆள் தேறி வாரக்கணக்கு ஆனப்புறமும் செத்த வைரஸோட துணுக்குக்கு பாசிட்டிவ் வர்றதும் உண்டு.

எங்க பக்கம் ரெண்டுக்குமே ‘ஸ்ரவம் எடுக்கறது’ன்னு மலையாளத்துல சொல்லுவாங்க, நாம ‘சளி டெஸ்ட்’னுவோம். மூக்குல விடற குச்சி ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. சளி டெஸ்ட் எடுத்தாச்சுன்னு யாராவது சொன்னா, புரதம் பாத்தாங்களா மரபுப்பொருள் பாத்தாங்களான்னு இப்பல்லாம் கேட்டுடறேன், பெரியப்பாகிட்ட அன்னைக்கு நான் கேக்கல.