முந்நூறு கிராம் ரிவால்வரும் சோர்ந்துபோன அலுமினியமும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "1950களைச் சேர்ந்த அமெரிக்க விமானப்படை ரிவால்வர் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. சுட்டுப் பார்க்கக் கூடாது என்று குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். ஆனால் நன்றாகச் சுடக்கூடிய அதே காலத்து எஃகு ரிவால்வரைவிட இதற்குத்தான் பல மடங்கு விலை. இது என்ன கணக்கு?"

அவர் சொல்வது 'ஏர்க்ரூமேன்' என்ற ரகத்தை. கொரியப் போர்க் காலத்துச் சரக்கு. விமானம் அடிபட்டு, பாராசூட்டில் எதிரி மண்ணில் குதிக்க நேர்ந்தால் விமானியிடம் ஒரு ஆயுதம் இருக்க வேண்டும். ஆனால் பாராசூட், மிதவை, ரேடியோ என்று ஏற்கெனவே மூட்டை சுமப்பவர் அவர். அதனால் எடையில் ஒவ்வொரு கிராமுக்கும் பேரம் நடந்தது.

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டிடம் 1927 முதலே 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற குட்டை ரிவால்வர் இருந்தது. முழுக்க எஃகு, சுமார் 600 கிராம். 1950-இல் அதன் சட்டகத்தை மட்டும் அலுமினியக் கலவைக்கு மாற்றி 'கோப்ரா' என்று விற்றார்கள். எடை 425 கிராம் அளவுக்கு இறங்கியது. விமானப்படைக்கு அது போதவில்லை. தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரும் அலுமினியத்திலேயே வேண்டும் என்றது. 1951-இல் கோல்ட் அப்படி 1,189 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. எடை சுமார் 310 கிராம்! அடுத்து போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் களமிறங்கி, எம்13 என்ற பெயரில் ஏறக்குறைய 40,000 கொடுத்தது. அது சற்றுப் பெரியது, 410 கிராம்.

எடை குறைந்தால் உதை கூடும் என்பது பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான். தோட்டாவின் உந்தம் மாறாது, துப்பாக்கியின் நிறை பாதியானால் பின்னுதைப்பின் வேகமும் ஆற்றலும் இரட்டிப்பாகும். மணிக்கட்டு வலிக்கும், அவ்வளவுதான். உயிருக்குத் தப்பி ஓடுகிறவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

சட்டகம் துப்பாக்கியின் எலும்புக்கூடு. வெடிப்பின் நேரடி அழுத்தம் அதன்மேல் படாது. சிலிண்டர் கதை அப்படியல்ல. இந்த ரிவால்வர்கள் சுடும் .38 ஸ்பெஷல் தோட்டா வெடிக்கும்போது, சிலிண்டரில் அது உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அழுத்தம் 117 மெகாபாஸ்கல் வரை போகலாம், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,100 மடங்குக்கும் மேல். அறைச் சுவரைச் சுற்றளவுவாக்கில் கிழிக்கப் பார்க்கும் தகைவு, அதாவது உலோகத்தின் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, இதைவிடப் பெரியது. தடித்த சுவருள்ள குழாய்களுக்குப் பிரெஞ்சுக்காரர் லாமே எழுதிவைத்த சமன்பாடு ஒன்று உண்டு. அறையின் ஆரம் 4.8 மில்லிமீட்டர், வெளிச்சுவர் 2.5 மில்லிமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துப் போட்டுப் பார்த்தால், சுவரின் உள்விளிம்பில் தகைவு அழுத்தத்தைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 290 மெகாபாஸ்கல். நல்ல எஃகுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அன்றைய விமான அலுமினியம் ரகத்தைப் பொறுத்து 300 முதல் 500 வரைதான் தாங்கும். சரி, நூலிழையில் பிழைத்தது என்கிறீர்களா? இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

ரிவால்வரின் விசையை (டிரிக்கரை) இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து டக்கென்று நிற்க வேண்டும். அதை நிறுத்துவது சட்டகத்தின் அடிப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சின்னத் தாழ்ப்பாள். அது விழுந்து மாட்டிக்கொள்ள சிலிண்டரின் வெளிப்புறத்தில் அறைக்கொன்றாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இப்போது ஒரு தாளில் வட்டம் போட்டு, அதற்குள் ஆறு அறைகளைச் சம இடைவெளியில் வரையுங்கள். சுடப்படும் அறை உச்சியில் இருக்கட்டும். நேர் கீழே, தாழ்ப்பாள் மாட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? இன்னொரு அறை! ஆறு இரட்டைப்படை எண் என்பதால் ஒவ்வொரு அறைக்கும் நேர் எதிரே ஓர் அறை வந்தே தீரும். ஆகவே ஒவ்வொரு பள்ளமும் ஓர் அறையின் முதுகில், சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடத்தில்தான் விழும். நம் கணக்கில் பள்ளம் ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்றால் மிச்சச் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். தகைவு 440 மெகாபாஸ்கலுக்குத் தாவுகிறது. அலுமினியத்தின் எல்லையைத் தொட்டாயிற்று.

இப்போது ஐந்து அறைகளை வரைந்து பாருங்கள். ஒன்று உச்சியில் இருந்தால், நேர் கீழே இருப்பது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தடித்த உலோகம். பள்ளம் அங்கே விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 1950-இல் கொண்டுவந்த 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' இந்த ஐந்தறை வகைதான். சிலிண்டரைச் சிறிதாக்கத்தான் ஓர் அறையைக் குறைத்தார்கள். ஒற்றைப்படை எண்ணின் வடிவியல் இலவசமாகக் கிடைத்தது. எம்13-க்கோ ஆறு அறைகள்.

இதோடு முடியவில்லை. ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் அலுமினியத்துக்கு எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். அதே விசைக்கு மூன்று மடங்கு விரிந்து சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அந்த உலோகச் சோர்வு இங்கேயும் வேலை செய்யும். ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைக் கோடிக்கணக்கான முறை சுழற்றிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, தகைவு அதற்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை கொடுத்தாலும் சோர்ந்து உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. ஒவ்வொரு வெடிப்பும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டே போகும். 1954-இல் கடலில் விழுந்த பிரிட்டனின் காமெட் பயணிகள் ஜெட் விமானங்களின் அலுமினிய உடலும் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்கியதால்தான் விரிசல் விட்டது. விமான உடலையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி அதை நிரூபித்தார்கள். ஒரே பொருளை வருஷக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருக்கும் இந்த மாதிரி ஆய்வுக்கு இன்று யாராவது பணம் கேட்டுப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். "இதில் புதுமை என்ன?" என்பார்கள். விமானத்தில் ஏறும் முன் திருஷ்டி கழிக்கிறவர்கள் வோலருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எம்13 சிலிண்டர்கள் சாதாரணத் தோட்டாவுக்கே பழுதாகத் தொடங்கின. இதற்கென்றே அழுத்தம் குறைந்த எம்41 என்ற ராணுவத் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். கடையில் விற்ற தன் இலகு ரிவால்வர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸன் 1954-இல் எஃகுச் சிலிண்டருக்கே திரும்பிவிட்டது. கடைசியில் விமானப்படை எல்லாவற்றையும் திரும்பப் பெற்று அழிக்கச் சொன்னது. தப்பியவை கொஞ்சம்தான். வாசகர் கேட்ட விலையின் ரகசியம் அதுவே. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். ஆகவே முதல் சோதனை காந்தம். சிலிண்டரில் ஒட்டினால் அது எஃகு: பின்னால் மாற்றியிருப்பார்கள், அல்லது துப்பாக்கியே வேறு.

அப்புறம் 1990களின் இறுதியில் டைட்டானியம் சிலிண்டர் வந்தது. எடையில் எஃகினுடையதில் பாதியைவிடச் சற்றே அதிகம், வலிமையில் அதற்கு ஈடு. 2000களின் தொடக்கத்தில் சட்டகத்து அலுமினியத்தில் துளி ஸ்காண்டியம் கலந்தார்கள். முந்நூறு கிராம் கனவு அரை நூற்றாண்டு கழித்துப் பலித்தது. ஆனால் அதோடு ஒரு புது வேடிக்கையும் வந்தது. துப்பாக்கி இவ்வளவு வேகமாகப் பின்னால் உதைக்கும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடு அதோடு சேர்ந்து பின்னால் போகிறது, முனையிலுள்ள ஈயக் குண்டோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டு மூன்று தடவை சுட்டதும் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, சுழற்சியையே நிறுத்திவிடலாம். அதனால் இந்த ரகத்துக்குப் புதுத் தோட்டா வாங்குகிறவர்கள் சிலிண்டரை நிரப்பி, ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் சுட்டுவிட்டு, அந்தக் கடைசித் தோட்டாவை வெளியே எடுத்து நீளத்தை அளந்து பார்க்கிறார்கள்.