வால்வோரக் கசிவு: கதவில் ஓட்டையா, நிலையில் ஓட்டையா?

மருத்துவமனை அறிக்கைகளையும் ஒப்புதல் படிவங்களையும் தமிழில் எழுதித் தருவது என் பிழைப்பு. சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. சில வருடங்களுக்கு முன், ஒரு மருத்துவமனையின் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறைக்கு வெளியே ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கணவருக்குச் செயற்கை வால்வு வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கையில் நான் தமிழாக்கிய தாள்.

"ஏன் தம்பி, வால்வுக் கசிவுன்னு எழுதியிருக்கே. டூப்ளிகேட் வால்வு வெச்சிட்டாங்களா?"

எக்கோ எடுத்த பெண் எட்டிப் பார்த்து, "வால்வு நல்லாத்தான் இருக்கும்மா, சைடுலதான் லீக்" என்றார். அம்மா விடவில்லை. "வால்வு நல்லா இருந்தா அது எப்படி லீக் ஆகும்?"

நியாயமான கேள்வி. தவறு என்னுடையதுதான். மூலத்தில் இருந்தது பாராவால்வுலர் லீக். 'பாரா' என்ற முன்னொட்டை நான் விழுங்கிவிட்டு 'வால்வுக் கசிவு' என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு எழுத்தில்தான் முழு விஷயமும் இருந்தது.

'பாரா' கிரேக்கம். பக்கத்தில், ஓரத்தில் என்று பொருள். பாராமெடிக்கல் என்பதிலும் பாராகிராஃபிலும் இருப்பது இதேதான். (தமிழ்க் காதுக்குப் பாரா என்றால் காவல். போலீஸ்காரர் பாரா நிற்பார். அது இந்தி வழி வந்த வேறு சொல். இங்கே அதற்கு வேலையில்லை.) 'வால்வு' லத்தீன். வால்வா என்றால் மடிப்புக் கதவின் ஒரு பலகை. முதலில் வீட்டுக் கதவைக் குறித்த சொல், பிறகு உடலுக்குள் திறந்து மூடும் சவ்வுக்கும், அதற்கப்புறம் குழாய்க்கும் சைக்கிள் டியூபுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, வால்வு என்பதே கதவுதான்.

இந்திப் பாடநூல்கள் இதை அப்படியே பிடித்துக்கொண்டு இதய வால்வைக் 'கபாட்' என்கின்றன. தமிழில் கபாடம், கவாடம் என்று நாம் கதவுக்குச் சொல்லும் அதே சொல்தான். இரண்டாம் சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் கபாடபுரத்தின் பெயரிலும் அது உண்டு. நாமும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு, அரைச்சந்திர வால்வு என்று முன்பாதியைத் தமிழாக்கிவிட்டுப் பின்பாதியை விட்டுவிட்டன. எனக்கு அதில் குறையில்லை. மிட்ரல் என்ற பெயர் ஆயர்கள் அணியும் தலைப்பாகையிலிருந்து வந்தது. அந்தத் தலைப்பாகையைப் பார்த்திராத நமக்கு 'ஈரிதழ்' சொல்லும் படம் அதைவிடத் தெளிவு.

வால்வுக்கு அகராதிகளில் இருக்கும் தமிழ்ச் சொற்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று ஓரதர். அதர் என்றால் வழி, சங்கப் பாடல்களில் அடிக்கடி வரும் பழஞ்சொல். ஓர் அதர், ஒருவழிப் பாதை. இதயத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. ரத்தத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவதுதானே வால்வின் வேலை. ஆனால் தலைப்பில் உள்ள 'வால்வோரக் கசிவு' என்ற சொல்லை இதில் கட்டிப் பாருங்கள்: ஓரதரோரக் கசிவு. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நோயாளி வந்துவிடுவார். இன்னொன்று தடுக்கிதழ். பிறவியிலேயே இருக்கும் வால்வுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் செயற்கை வால்வு எல்லாவற்றிலும் இதழ் இருப்பதில்லை. 1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் உருவாக்கியது, கூண்டுக்குள் ஒரு பந்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, சாய்ந்து திறக்கும் ஒற்றை வட்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிடிகே குழுமம் அதைத் தயாரித்து விற்றதால், இந்த ஊரில் பலர் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்பது அதுதான். பந்தையும் வட்டையும் இதழ் என்பது சரியில்லை. ஆகவே 'வால்வு' இருக்கட்டும்.

சரி, கசிவு எங்கே நடக்கிறது?

வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு ஒன்று, அது தொங்கும் நிலை ஒன்று, நிலையைப் பிடித்திருக்கும் சுவர் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் இரண்டு வழியில் வரலாம். கதவு சரியாகச் சாத்தாமல் இடுக்கு வழியே வரலாம். அல்லது கதவு கச்சிதமாக மூடியிருந்தும், நிலைக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட் விட்டுப்போன இடத்தில் வரலாம். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் ஈரம் இறங்கிச் சுவர் உப்பிப்போகும் நம் அடுக்குமாடி வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை. முதலாவது, வால்வு வழியே வரும் பின்னொழுக்கு. இரண்டாவதுதான் பாராவால்வுலர் லீக். கதவை மாற்றினால் முதலாவது சரியாகும். இரண்டாவதற்குக் கொத்தனார் வேண்டும்.

அறுவையில் வைக்கும் வால்வுக்கு நிலையாக இருப்பது அதைச் சுற்றியிருக்கும் தையல் வளையம். பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. டெரிகாட்டன் சட்டையில் கலந்திருக்கும் அதே நூல்தான். இந்த வளையத்தை இதயத் திசுவோடு சுற்றிலும் தைக்கிறார்கள். நூல் திசுவை அறுத்துவிடாமல் இருக்க, முடிச்சுக்கு அடியில் டெஃப்லான் துண்டு வைப்பதுண்டு. பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் டெஃப்லான்தான். கசியாமல் இருக்க இருவரும் ஒரே பொருளை நாடியது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் தையல் முதல் சில வாரங்களுக்குத்தான் பொறுப்பு. அதற்கப்புறம் உடலின் திசு துணிக்குள் ஊடுருவி வளர்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். துணியைத் தேர்ந்ததே அதற்காக. சுண்ணாம்பு படிந்து இறுகிய இடத்திலோ, கிருமி தொற்றி நொய்ந்துபோன இடத்திலோ தையல் பிடிக்காமல் விட்டுக்கொடுக்கும்.

இந்தத் துணியை மேம்படுத்தப் போய்க் கெடுத்த கதையும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் கிருமித் தொற்றைத் தடுக்கத் தையல் வளையத்தில் வெள்ளி பூசிய வால்வு ஒன்று வந்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த நம்பிக்கை. ஆனால் ஆய்வில், பூச்சில்லாத வால்வு வைத்தவர்களைவிட இதை வைத்தவர்களுக்கு ஓரக் கசிவு அதிகம் தெரிந்தது. கிருமியோடு சேர்த்துத் திசுவின் வளர்ச்சியையும் வெள்ளி தடுத்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். 2000 ஜனவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வால்வின் 'கதவில்' ஒரு குறையும் இல்லை.

பிறகு தையலே இல்லாத காலம் வந்தது. 2002 ஏப்ரலில் பிரான்ஸின் ருவான் நகரில் அலென் கிரிபியே, நெஞ்சைப் பிளக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே ஒரு மகாதமனி வால்வைக் கொண்டுபோய் விரித்து வைத்தார். டாவி என்று இப்போது எல்லாரும் சொல்வது இதுதான். சுருக்கி வைத்த குடையைப் போல உள்ளே போய் விரியும் உலோகச் சட்டம், அதற்குள் மாட்டின் அல்லது பன்றியின் இதயவுறைத் திசுவில் செய்த இதழ்கள். இங்கே பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை, ஓரமாக நெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். பழைய வால்வோ சுண்ணாம்பு கட்டிப் பாறைபோல இருக்கும். வாசலும் வட்டமாக இல்லை, முட்டை வடிவம். முட்டை வடிவ வாசலில், ஜல்லிக் கற்களுக்கு நடுவே, வட்டமான நிலையைத் திணித்தால் இடுக்கு விழாமல் இருக்குமா? 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் இரண்டாண்டு முடிவு எல்லாரையும் உலுக்கியது: லேசான கசிவு இருந்தவர்களிடமும் இறப்பு கூடுதலாக இருந்தது. அதுவரை 'கொஞ்சம்தானே' என்று விட்டது அப்புறம் வடிவமைப்பாளர்களின் முதல் கவலையாகிவிட்டது.

அளவு பெரிதான வால்வை வைத்து அழுத்தினால் தீர்ந்ததா என்றால், இல்லை. அளவுக்கு மீறி அழுத்தினால் வாசலைச் சுற்றியிருக்கும் திசு வளையம் கிழியும். பக்கத்தில் ஓடும், இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்பாதை நசுங்கிப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். அதனால் இரண்டு பக்கமிருந்து வந்தார்கள். எக்கோவை மட்டும் நம்பாமல் சிடி ஸ்கேனில் வாசலின் சுற்றளவையும் பரப்பையும் துல்லியமாக எடுத்து அளவைத் தேர்ந்தார்கள். அப்புறம் சட்டத்தின் வெளிப்புறத்தில் மெத்தென்ற ஒரு பட்டை சுற்றினார்கள். சில வால்வுகளில் அது பாலியஸ்டர், சிலவற்றில் விலங்குத் திசு. மேடு பள்ளத்துக்கு ஏற்ப மடங்கி இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். குக்கர் மூடியில் கேஸ்கட் செய்யும் வேலை. சில மாடல்களை, சரியாக உட்காரவில்லை என்றால் மறுபடி சுருக்கி இடம் மாற்றவும் முடிகிறது.

இடுக்கு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. குறுகலான சந்து வழியே ரத்தம் வேகமாகப் பீறிடும்போது சிவப்பணுக்கள் மோதி உடைகின்றன. ரத்தசோகை, மஞ்சள் பூத்த கண், கருத்த சிறுநீர். சின்ன ஓட்டை, பெரிய ரத்தசோகை என்று சில நேரம் ஆகும். அப்படிப்பட்ட ஓட்டையைக் குழாய் வழியாகவே உலோகவலை அடைப்பான் வைத்து மூடுகிறார்கள். முடியாதபோது மறு அறுவை.

இதனால்தான் 'கசிவு' என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. கசிவு மெதுவானது. பாறையில் நீர் கசியும், பக்தியில் உள்ளம் கசியும். மகாதமனியில் நடப்பதோ அழுத்த வேறுபாடு 80 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் பாயும் பீறல். ஒழுக்கு என்றால் கூரை ஞாபகம் வருகிறது. ஆனால் வாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு என்று செய்தித்தாள்கள் பழக்கிவிட்டதால் கசிவுக்கு இப்போது வேகமும் ஆபத்தும் வந்துவிட்டன. அதையே வைத்துக்கொண்டேன்.

'புறக்கசிவு' என்றும் எழுதிப் பார்த்தேன். புறம் என்றால் வெளியே. ரத்தம் இதயத்துக்கு வெளியே போய்விட்டது என்று ஒருவர் பயந்தார். ஓரம் பயமுறுத்துவதில்லை, இடத்தையும் சரியாகக் காட்டுகிறது. கதவு, ஓரம் சேர்ந்தால் கதவோரம் ஆவதுபோல வால்வு, ஓரம் சேர்ந்தால் வால்வோரம். புணர்ச்சியிலும் தகராறு இல்லை. வால்வோரக் கசிவு. எக்கோ அறைப் பெண் சொன்ன 'சைடு லீக்' இதே சொல்தான் என்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த அம்மாவிடம் அன்று நிலைக்கதவை வைத்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்போ பூச்சு வேலை சரியில்லை, கதவு ஒரிஜினல்தான்" என்றார். ஆமாம் அம்மா என்றேன். பூச்சு வேலை செய்தவரைக் குறை சொல்ல முடியாது, சுவரே சுண்ணாம்பு கட்டியிருந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

இப்போது படிவத்தில் வால்வோரக் கசிவு என்றுதான் போடுகிறேன். பாக்கி இருப்பது அந்த வெளிப்பட்டை. மருத்துவர்கள் அதை ஸ்கர்ட் என்கிறார்கள். முதல் வரைவில் 'பாவாடை' என்று எழுதி, ஒரு பெரியவர் தனக்குப் பெண்ணுக்கான வால்வை வைக்கப் போகிறார்களா என்று கேட்டபின் அடித்துவிட்டேன். 'ஓரப்பட்டை' என்று பென்சிலில் இருக்கிறது.