கை மேலே போகிறது, முந்தானையைச் செருக முடியவில்லையா?

"கை நல்லாத்தான் தூக்குதுங்க, முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துச் செருகும்போதுதான் உயிர் போகுது" என்று ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். பிசியோதெரபி படித்து முடித்த புதிதில் இதே மாதிரி சொன்ன ஒருவரைக் கழுத்துவலி என்று நினைத்து இரண்டு வாரம் கழுத்துக்கு மட்டுமே சிகிச்சை கொடுத்திருக்கிறேன். தப்பு என் மேல்தான். கை தூக்குவதைப் பார்த்தேன், எது தூக்குகிறது என்று பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் இருந்தது ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது.

தோள் என்பது ஒரே மூட்டு இல்லை. நெஞ்செலும்போடு காறை எலும்பு சேருமிடம் ஒன்று, காறை எலும்பின் மறுமுனை தோள்பட்டை எலும்போடு சேருமிடம் ஒன்று, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் உட்காரும் பந்துக்கிண்ண மூட்டு ஒன்று. அது போக, முதுகில் சிப்பி மாதிரி இருக்கிற தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவதையும் ஒரு மூட்டாகவே கணக்கில் வைப்போம். கையை முழுக்க மேலே தூக்கினால் 180 டிகிரி. அதில் ஏறக்குறைய 120 டிகிரி பந்துக்கிண்ண மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 டிகிரி அந்தச் சிப்பி எலும்பு சுழன்று கொடுப்பது. பந்து பெரியது, கிண்ணமோ சின்னது, ஆழமும் கிடையாது, அதனால்தான் கை இத்தனை பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் உடம்பிலேயே அடிக்கடி நழுவும் பெரிய மூட்டும் இதுவாக இருக்கிறது. பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகளும் சுற்றியிருக்கும் ஒரு சவ்வு உறையும்.

அந்த உறையைத்தான் கவனிக்க வேண்டும். ஜாக்கெட் தைக்கும்போது அக்குளில் கொஞ்சம் துணி கூடுதலாக விடுவார்கள் இல்லையா, அதே மாதிரி கை தொங்கும்போது உறையின் அடிப்பக்கம் மடிந்து தளர்வாக இருக்கும், தூக்கும்போது விரியும். ஃப்ரோசன் ஷோல்டரில் இந்த உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. அக்குள் இறுக்கமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட்டே சேர்ந்து மேலே ஏறும். அப்படித்தான் பந்து நகராதபோது சிப்பி எலும்பு மொத்தமும் கூடவே ஏறி, தோள் காதைத் தொடப் போகிறது, கை ஓரளவு மேலே போகிறது, நாமும் பரவாயில்லை என்று மூன்று நான்கு மாதம் ஓட்டிவிடுகிறோம்.

சிப்பி எலும்பால் ஈடுகட்ட முடியாத அசைவு ஒன்று இருக்கிறது. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, முன்கைகளை மட்டும் இரட்டைக் கதவைத் திறப்பது போல வெளிப்பக்கம் விரியுங்கள். ஒரு கை பாதியிலேயே நின்றுபோனால், வேறொருவர் மெதுவாகத் தள்ளினாலும் அங்கேயே முட்டிக்கொண்டால், உறை சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்களாக நகர்த்த முடியாமல், அடுத்தவர் பிடித்து நகர்த்தும்போது தாராளமாகப் போனால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இது பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வருகிறது. அந்த அம்மாவிடம் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டேன், "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்றார். பார்த்ததே கிடையாது என்பதுதான் அதற்கு அர்த்தம்! பரிசோதித்தபோது இருந்தது.

அவர் என்னிடம் வருவதற்கு முன் யாரோ எண்ணெய் போட்டு உருவி, கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள். வலி உச்சத்தில் இருக்கிற முதல் மாதங்களில், படுத்தால் அந்தப் பக்கம் புரள முடியாமல் ராத்திரி எழுந்து உட்காரும் காலத்தில், இப்படி இழுப்பது வலியைக் கூட்டுமே தவிர கை திறக்காது. அதற்காகக் கழுத்திலிருந்து துணித்தொட்டில் கட்டிக் கையை மாதக்கணக்கில் தொங்கவிடுவதும் சரியில்லை. வலி தாங்கும் எல்லைக்குள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். ஆரம்பத்தில் மருத்துவர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் பயப்பட வேண்டாம், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் அளவு ஏறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாகச் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம், இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் வாடிவிடும், ஆனால் பத்து நாளில் சரிசெய்கிறேன் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொன்று, இடது தோளில் திடீரென்று வலி வந்து, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் என்னிடம் வராதீர்கள், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் நான் சொன்னது ஒன்றே ஒன்று. மல்லாந்து படுக்கும்போது வலிக்கிற கையின் மேற்பகுதிக்கு அடியில் மடித்த போர்வையை வைக்கச் சொன்னேன், முழங்கை பின்னால் சரியாமல் இருப்பதற்காக. மறுநாள் வந்து, மூன்று மணிவரை தூங்கினேன் என்றார்.